துட்டிக்கு ரேட் போட்ட வருஷம்

யூடியூப் சேனல் நடத்துகிற பிள்ளைகள் அவ்வப்போது என்னைத் தேடி வருகிறார்கள். "எக்கா, லோக்கல் சேனலை இத்தனை வருஷம் எப்படி ஓட்டுனீங்க? வருமானம் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். நான் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே போனை எடுத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

பட்டுப் புடவையும் பிச்சிப்பூவும்

வேலைக்குச் சேர்ந்த அன்று நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். திருநெல்வேலி டவுணில் ரத வீதியை ஒட்டிய ஒரு சந்து, பாத்திரக்கடைக்கு மேல் மாடி, அதுதான் ஆபீஸ். உள்ளூர் கேபிளில் மட்டும் வரும் சேனல். டவுண், பேட்டை, தச்சநல்லூர் தாண்டினால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. வேலைக்குப் பெண் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். செய்தி வாசிக்கத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டு, தலை நிறையப் பிச்சிப்பூவோடு படியேறினேன்.

முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கயும் கல்யாணத்துக்குப் போற வழியாம்மா?" என்று கேட்டுவிட்டு, "டைப் அடிக்கத் தெரியும்லா? அங்கன போய் உக்காரு" என்று மூலையிலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார். கேபிள் லைன் இழுக்கும் ஆறுமுகம் அண்ணன் வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே நின்றிருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். அவர் சிரித்தது எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. பிறகு அவரே எனக்கு உடன்பிறவாத அண்ணனாகிப் போனார், அது வேறு கதை.

டிவி படத்துக்கு அடியில் ஒரு வரி ஓடும். அதற்கு ஸ்க்ரோல் என்று பெயர். அதை அடித்து ஓட விடுவதுதான் என் வேலை. நான் அடித்த முதல் வரி ஒரு சாவுச் செய்தி. இன்ன தெருவில் இன்னார் சிவலோக பதவி அடைந்தார், சாயங்காலம் இத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், கருப்பந்துறையில் தகனம் என்று அடித்தேன். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்ததற்கு நல்ல பலன்தான்.

அண்ணாச்சி அன்றே எனக்கு இரண்டு சட்டம் சொன்னார். சாவுச் செய்திக்கும் கல்யாண வாழ்த்துக்கும் நடுவில் கோயில் அபிஷேக நேரமோ கரண்ட் கட்டோ கட்டாயம் வர வேண்டும். ஒட்டி ஓடக் கூடாது. இரண்டாவது, ஒரு ஆள் போனில் சொன்னான் என்பதற்காகப் போடக் கூடாது. பக்கத்து வீட்டுக்கோ தெருமுனைக் கடைக்கோ ஒரு போன் போட்டு, ஆள் செத்தது நிஜம்தானா என்று விசாரித்துவிட்டுத்தான் போட வேண்டும். ஆகாதவன் பேரைச் சொல்லிப் பழி தீர்க்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

யார் போட்ட சோறு

எங்கள் கணக்கு இதுதான். கேபிளுக்கு வீட்டுக்காரர்கள் மாதாமாதம் கட்டும் பணத்தில் பெரும்பகுதி பெரிய சேனல்களுக்கும் வரிக்கும் போய்விடும். மிஞ்சியது கேபிள் லைனைப் பராமரிக்கவே சரியாக இருக்கும். எங்கள் சேனல் ஓடியது உள்ளூர் விளம்பரத்தில். துணிக்கடை, நகைக்கடை, பள்ளிக்கூட அட்மிஷன், பல் டாக்டர் என்று எல்லாரும் கொடுப்பார்கள். அல்வாக் கடைக்காரர் மட்டும் கொடுக்க மாட்டார். க்யூ நிற்கிற கடைக்கு விளம்பரம் எதற்கு என்பார். அதுவும் நியாயம்தான்.

சாவுச் செய்திக்குக் காசு கிடையாது. பிள்ளையைக் காணவில்லை, குழாயில் தண்ணீர் வராது, கரண்ட் இருக்காது, இதற்கெல்லாமும் கிடையாது.

எங்கள் ஊரில் சாவைத் துட்டி என்போம். துட்டி வீட்டுக்குப் போய்த் தலையைக் காட்டுவதைத் துட்டி கேட்பது என்போம். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும். கல்யாணத்துக்கு வராதவனை ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். துட்டிக்கு வராதவனை அவன் மகள் கல்யாணம் வரை ஞாபகம் வைத்திருந்து, பந்தலில் ஒருத்தரும் இல்லாமல் பண்ணிவிடுவார்கள். தெரியாது என்று சொன்னாலும் எடுபடாது. "சேனல்ல ஓடிச்சே, பாக்கலையா?" என்று கேட்பார்கள். அதனால் காலையில் கடை திறப்பவர்கள் சாமி படத்துக்குப் பூ வைத்த கையோடு எங்கள் சேனலைப் போடுவார்கள். வீடுகளிலும் அப்படித்தான்.

எங்கள் சேனலில் பாட்டு சுமாராக இருக்கும். செய்தி வாசித்த பெண் ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாக்கிவிடுவாள். அப்படியும் டிவி அந்த சேனலிலேயே நின்றது. ஏன் நிற்கிறது என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. காசு வந்துகொண்டிருக்கும்போது யார் யோசிப்பார்கள்?

பிரபுவின் ரேட் கார்டு

அப்புறம் ஃபைபர் நெட் வந்தது. ஒரே கனெக்‌ஷனில் நெட்டும் படமும் பாட்டும் கிடைக்கும் என்றதும் வீடு வீடாகக் கேபிளை வெட்டினார்கள். எங்கள் சம்பளம் மாதத்துக்கு இரண்டு தவணையாக வர ஆரம்பித்தது. முட்டிவலி என்று ஆறுமுகம் அண்ணன் அப்போதுதான் வேலையை விட்டுத் தச்சநல்லூரில் வீட்டோடு இருந்துவிட்டார். கேமராமேன் செல்வம், எடிட்டிங் பார்த்த பாத்திமா, நான், இன்னும் ஒரு பையன், இவ்வளவு பேர்தான் மிச்சம்.

அந்த நேரத்தில் அண்ணாச்சியின் மகன் பிரபு சென்னை வேலையை விட்டுவிட்டு வந்தான். எம்.பி.ஏ. படித்தவன். நல்ல பையன், இதைப் படிக்கிறவர்கள் அவனை வில்லனாக்கிவிடக் கூடாது. அப்பா கடனாளியாகிவிடக் கூடாது என்றுதான் வந்தான். வந்து உட்கார்ந்து, நாங்கள் ஓட்டியதையெல்லாம் பிரித்துப் பார்த்தான்.

"அக்கா, நாம ஓட்டுத ஸ்க்ரோல்ல பாதிக்கு மேல துட்டிதான். அதுல பைசா வரலை. பேப்பர்ல இதுக்கே எவ்வளவு வாங்குதாங்க தெரியுமா?" என்றான்.

தெரியும். அவன் சொன்னது ஒன்றும் பொய்யில்லை.

சாவுக்குக் காசு வாங்கினால் விளங்குமா என்று அண்ணாச்சி முனகினார். பிரபு விடவில்லை. ஐஸ் பெட்டிக்காரன் வாங்குகிறான், பூக்காரன் வாங்குகிறான், சங்கு ஊதுகிறவர் வாங்குகிறார், நாம் மட்டும் என்ன தர்மசத்திரமா என்று கேட்டான். கணக்குக்குச் சரியாக இருந்தாலும் சில விஷயம் தப்பு என்று வயிற்றுக்குத் தெரியும். ஆனால் வயிற்றுக்குத் தெரிவதை எம்.பி.ஏ.காரனிடம் எப்படிச் சொல்வது?

சித்திரையில் ரேட் கார்டு வந்தது. வெறும் வரி ஒரு ரேட், போட்டோவோடு ஒரு ரேட், போட்டோவும் சோக இசையும் சேர்ந்தால் ஒரு ரேட். பழைய ஊதாரிகளைத் திருத்த வந்த மாதிரி அழகாக பிரேம் போட்டு என் மேஜைக்கு எதிரே மாட்டினான்.

சரிம்மா, இருக்கட்டும்

முதல் போன் பேட்டையிலிருந்து வந்தது. அம்மா இறந்துவிட்டாள் என்று ஒரு ஆள் சொன்னார். நான் பெயர், தெரு, நேரம் எல்லாம் குறித்துக்கொண்டு, கடைசியில் பைய ரேட்டைச் சொன்னேன். அவர், "சரிம்மா, இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.

ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏசுகிறவனுக்குத் திருப்பி ஒரு வார்த்தை சொல்லலாம். இவர் அப்படிச் சொன்னதில் எனக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

ஆனால் முதல் மாதம் வசூல் நன்றாகவே இருந்தது. வசதியான வீட்டுக்காரர்கள் போட்டோவும் இசையுமாகக் கொடுத்தார்கள். பிரபு எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தான். இரண்டாவது மாதம் குறைந்தது. அதற்கடுத்து, காலையில் நான் வந்து உட்கார்ந்தால் போன் அடிக்கவே இல்லை. ஊரில் சாவு குறைந்துவிட்டதா என்ன? கருப்பந்துறையில் புகை வந்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் சந்தில் காய்கறி விற்கும் அம்மாவின் போனைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வாகையடி முக்கில் ஐஸ் பெட்டி, பந்தல், சேர் வாடகைக்கு விடும் இசக்கி ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருந்தான். துட்டிச் செய்தி மட்டும் வரும். காசு கிடையாது. ஒவ்வொரு செய்திக்கும் கீழே அவன் பெயரும் போன் நம்பரும் இருக்கும். ஊரில் பாதிப் பேர் அதில் சேர்ந்தாகிவிட்டது.

"ஓசியில போட்டு அவனுக்கு என்ன லாபம்?" என்று பிரபு என்னைக் கேட்டான். செத்த செய்தி முதலில் அவனுக்கு வருகிறது, அடுத்த நிமிஷம் ஐஸ் பெட்டி அவனிடமிருந்து போகிறது, இதைவிட என்ன லாபம் வேண்டும் என்றேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஆபீஸ் ஆட்கள் ஒருவர்கூட அந்தக் குரூப்பில் சேரக் கூடாது என்று உத்தரவு போட்டார். எதிரி கடையில் போய்க் கைகட்டி நிற்கிற மாதிரி ஆகிவிடுமாம். நாங்கள் யாரும் சேரவில்லை.

காசிம் பாய் கடை டிவி

எங்கள் பெரிய விளம்பரதாரர் ரத வீதியில் துணிக்கடை வைத்திருக்கும் மேலப்பாளையத்து காசிம் பாய். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் ஒரு வருஷத்துக்கும் சேர்த்து ஒப்பந்தம் போடுவார். அவர் பணத்தில்தான் சம்பளத்தில் பாதி ஓடும். அவர் இல்லையென்றால் அந்த வருஷத்தோடு ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான். எனக்கும் பாத்திமாவுக்கும் செல்வத்துக்கும் வேறு பிழைப்பு கிடையாது. ஐம்பது தாண்டிய ஸ்க்ரோல்காரிக்கு எவன் வேலை தருவான்?

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். நான் போனபோது கல்லாவுக்கு மேலே இருந்த டிவியில் அவர் கடைச் சேலைகளே ஓடிக்கொண்டிருந்தன. பென் டிரைவில் போட்டுவிட்டிருந்தார். எத்தனையோ வருஷமாக எங்கள் சேனல் ஓடிய டிவி அது.

டீ வரவழைத்துக் கொடுத்தார். ஒப்பந்தத் தாளை நான் எடுத்து வைத்ததும் கையால் பைய நகர்த்திவிட்டார்.

"தங்கச்சி, கோவிச்சுக்கிடாதே. யாரு பாக்கா உங்க சேனலை? நானே பாக்கலை."

புதுப் பாட்டு போடுகிறோம், சமையல் நிகழ்ச்சி ஆரம்பிக்கிறோம் என்று பிரபு சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தேன். அவர் சிரித்தார்.

"உங்க பாட்டுக்கா நான் டிவி போட்டேன்? என் கடைக்கு வாரவன் வீட்டுல மௌத்து, துட்டின்னா நான் போய் நிக்கணும்லா. நிக்கலைன்னா அவன் அடுத்த கடைக்குப் போயிருவான். அதுக்குத்தான் போட்டேன். எல்லாவனும் அதுக்குத்தான் போட்டான். நீங்க அதையே நிறுத்திட்டிய."

அப்படியென்றால் இசக்கி குரூப்பில் உங்கள் விளம்பரத்தைக் கொடுப்பதுதானே என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டுவிட்டேன். தலையை ஆட்டினார். சாவுச் செய்திக்குக் கீழே சேலை விளம்பரம் போட்டால் ஊர் காறித் துப்பும் என்றார். உங்களிடம்தான் அது இடிக்காமல் இருந்தது, கீழே துட்டி ஓடும், மேலே சேலை ஓடும், யாருக்கும் ஒன்றும் தோன்றாது என்றார். துட்டி பழையபடி ஓடினால் தானும் கூட ஓடுவதாகவும், அதுவரை பேச ஒன்றுமில்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

வந்து அப்படியே சொன்னேன். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே காசு கொடுத்தவர்கள், எங்களுக்கு மட்டும் ஏன் வாங்கினாய் என்று சண்டைக்கு வருவார்கள் என்றார். ஐஸ் பெட்டிக்காரனுக்குப் பயந்து இறங்கி வந்தான் என்று ஊர் சிரிக்கும் என்றார். தீபாவளி வரை பார்ப்போம் என்றான் பிரபு. ஆடி பிறந்துவிட்டது, ஒப்பந்தத் தாள் என் டிராயரிலேயே கிடந்தது.

தச்சநல்லூரில்

ஒரு நாள் அண்ணாச்சி நெல்லையப்பர் கோயிலுக்குப் போனவர் பாதியிலேயே திரும்பி ஆபீசுக்கு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது. பிராகாரத்தில் தெரிந்தவர் ஒருவர், "ஆறுமுகம் துட்டிக்கு உங்களைக் காணலையே அண்ணாச்சி, ஊர்ல இல்லையா?" என்று கேட்டாராம். ஆறுமுகம் அண்ணன் மாரடைப்பில் போய், இரண்டு நாளில் பதினாறாம் நாள் காரியமே வரப்போகிறது. இசக்கி குரூப்பில் அன்றே வந்திருக்கிறது, எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஊரில் எந்தெந்தத் தெருவில் எவரெவர் செத்தார் என்று இருபது வருஷத்துக்கு மேல் அடித்த கை இது. என் அண்ணன் செத்தது எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சி அழவில்லை. டவுணுக்கு முதல் கேபிளை அவரும் ஆறுமுகம் அண்ணனும்தான் மாடி மாடியாக ஏறி இழுத்தார்கள். ஒரே சைக்கிளில் போவார்களாம்.

மறுநாள் காலையில் நானும் அண்ணாச்சியும் ஆட்டோவில் போனோம். பிரபு பைக்கில் பின்னால் வந்தான். படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். அண்ணன் மனைவி பேச்சியம்மாள், எனக்கு மைனி முறை, எங்களைக் கண்டதும் எழுந்து வந்து பாயை விரித்தாள். ஒரு வார்த்தை ஏசவில்லை. அண்ணாச்சி உட்காராமல் நின்றபடியே, "எனக்குத் தெரியாது பேச்சி. சத்தியமா தெரியாது" என்றார்.

"தெரியும் அண்ணாச்சி, தெரிஞ்சா வராம இருப்பியளா" என்றாள் மைனி. பிறகு, யாரும் கேட்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"சேனலுக்குச் சொல்லணும்னா காசு கேப்பாவளேன்னு மகன் கேட்டான். நாந்தான் வேண்டாம்னேன். அவரு பேரைப் போட காசு கேக்க மாட்டாவ, ஆனா நாம போன் பண்ணுனா அவுகளுக்குச் சங்கடம், வாங்கவும் முடியாது, விடவும் முடியாது, எப்படியும் தெரிஞ்சு அவுகளே போடுவாவன்னு சொன்னேன். துட்டி வீட்டுல டிவி போடலாமான்னு எல்லாரும் ஏசுனாவ. சத்தத்தைக் கொறைச்சு வச்சுக்கிட்டேன். எடுக்கிற வரைக்கும் ஓடிச்சு. பேரு வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தோம்."

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரபு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றிருந்தான். அவன் காதிலும் எல்லாம் விழுந்தது.

திரும்பி வந்து ஆபீஸ் சந்தில் இறங்கும்போது அண்ணாச்சி, "வடிவு, நாளையிலயிருந்து துட்டிக்குக் காசு கெடையாது. குடுத்தவன் சண்டைக்கு வந்தா திருப்பிக் குடு" என்றார். நாங்கள் மாடிக்குப் போனபோது பிரபு ஸ்டூல் போட்டு ஏறி, பிரேமைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான்.

ஐஸ் பெட்டி இசக்கி

காசு கிடையாது என்றால் உடனே போன் அடித்துவிடும் என்று நினைத்தோம். அடிக்கவில்லை. துட்டிச் செய்திகளுக்குக் கட்டணம் இல்லை என்று ஸ்க்ரோலிலேயே ஓட்டினோம். பார்க்க ஆள் இருந்தால்தானே? காசு கேட்க ஒரு நாள் போதும், கேட்ட பேரைப் போக்க மாசக்கணக்கில் ஆகும்.

கடைசியில் அண்ணாச்சி ரோஷத்தை விட்டுவிட்டு இசக்கி கடைக்குப் போனார். கூட நானும் பிரபுவும். இசக்கி பதறிப்போய்ப் பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டான். "ஒரு போன் போட்டா நான் வந்திருப்பேம்லா அண்ணாச்சி" என்றான். அவனுக்கும் அப்போது ஒரு தலைவலி இருந்தது. செத்தவர் பெயரே உள்ள வேறு ஆளின் போட்டோவை யாரோ அனுப்ப, இவன் விசாரிக்காமல் குரூப்பில் போட்டுவிட்டான். உயிரோடு இருந்த மனுஷன் வீட்டுக்கு மாலையோடு ஆட்கள் போய்விட்டார்கள். அவர் மகன்கள் வந்து இவன் ஐஸ் பெட்டியைத் தெருவில் இழுத்துப் போட்டு உடைக்கப் பார்த்தார்களாம்.

வழி சொன்னவன் பிரபுதான். இசக்கிக்கு வரும் செய்தியை முதலில் எனக்கு அனுப்ப வேண்டும். நான் பழைய வழக்கப்படி அக்கம்பக்கம் விசாரிப்பேன். நிஜம் என்றால் அவன் குரூப்பிலும் எங்கள் ஸ்க்ரோலிலும் ஒரே நேரத்தில் போகும். அவனுக்கு நாங்கள் காசு தர வேண்டாம், எங்களுக்கு அவன் தர வேண்டாம். இசக்கி யோசிக்கவே இல்லை, உடனே சரி என்றான்.

தீபாவளி நெருங்கும்போது காசிம் பாய் கூப்பிட்டனுப்பினார். டிவியில் எங்கள் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் பழைய தொகையில் பாதிதான் எழுதினார். பாதிப் பேருடைய கண் போனிலேயே நின்றுவிட்டது, அவர்கள் இனி டிவிக்குத் திரும்ப மாட்டார்கள், பார்க்காத கண்ணுக்குத் தன்னால் காசு தர முடியாது என்றார். வாக்குவாதம் செய்ய வழியில்லை, அவர் சொன்னதுதான் சரி. அந்தப் பாதி இன்றுவரை திரும்பி வரவில்லை. செல்வத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. இப்போது கல்யாணங்களுக்கு ரீல்ஸ் எடுக்கிறான், பரவாயில்லாமல் சம்பாதிக்கிறான், ஆனாலும் என்னைக் கண்டால் சரியாகப் பேசுவதில்லை. ஆபீஸ் பூட்டாமல் தப்பியது, அவ்வளவுதான்.

ஒரு நாள் பிரபு என் மேஜைக்கு வந்து நின்றுகொண்டு, "அக்கா, துட்டியை நான் வரவேண்டிய காசுன்னு நெனைச்சேன். அது நாம குடுக்க வேண்டிய வாடகை. அவங்க வீட்டு ஹால்ல நம்மளை உக்கார வச்சதுக்கு" என்றான். படித்த பிள்ளை, புரிந்ததும் சட்டென்று சொல்லிவிட்டான். எனக்கு இருபது வருஷமாக இப்படி ஒரு வார்த்தை அகப்படவில்லை.

மைனி நீட்டிய காசு

மறு வருஷம் நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், பேச்சியம்மாள் மைனி ஆபீசுக்கு வந்தாள். ஆறுமுகம் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு நாள். போட்டோவோடு நினைவஞ்சலி போட வேண்டும் என்றாள். போட்டோவில் அண்ணன் வெள்ளைச் சட்டையில், சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தார்.

நினைவஞ்சலிக்கு எங்களிடம் ஆரம்பத்திலிருந்தே காசு உண்டு. சாவை ஊருக்குச் சொல்லியே ஆக வேண்டும். வருஷா வருஷம் நினைவு நாள் போடுவது அவரவர் விருப்பம். பிறந்தநாள் வாழ்த்து மாதிரி அதுவும் ஒரு விளம்பரம்தான். மைனி அதற்கான ரேட்டைக் கீழே பாத்திரக்கடையிலேயே விசாரித்துவிட்டு வந்திருந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சரியான பணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

உள்ளேயிருந்து வந்த அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டார். "எடு பேச்சி அதை. என்கிட்டயா காசு குடுக்கே? நான் பண்ணுனதுக்கு நீ செருப்பால அடிச்சிருந்தாலும் வாங்கியிருப்பேன்" என்றார்.

மைனி எடுக்கவில்லை.

"துட்டிக்குத்தான் அண்ணாச்சி காசு வாங்கக் கூடாது. அது ஊரு செய்யுதது. இது என் வீட்டுக்காரருக்கு நான் செய்யுதது. இதுக்கும் நீங்க வாங்கலைன்னா, அவருக்கு நான் என்னத்தைச் செஞ்சேன்?"

அண்ணாச்சி பணத்தை எடுத்துக் கல்லாவில் போட்டார். ரசீது எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அவள் அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கினாள்.

சேனல் நடத்துகிற பிள்ளைகளே, எதற்குக் காசு வாங்கலாம், எதற்கு வாங்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சேனல் நடத்திய எங்களுக்கு மட்டும்தான் தெரியாமல் போயிற்று.